சேரின்ரை வெள்ளை யானை

“மை கிராண்ட்மதர் இஸ் எ வைட் எலிபன்ட்.”

போன புதன்கிழமை பதினோராம் ஆண்டுப் பெடியன் ஒருவன் கொப்பியில் இப்படி எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தான். ஐந்து ஆங்கில மரபுத்தொடர்களைக் கொடுத்து வசனம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். மற்ற நான்கும் பழுதில்லை. இதைக் கண்டதும் சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அவனுடைய அம்மம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். எண்பது வயதிலும் விடியப்புறம் எழும்பி முற்றம் கூட்டி, பேரனுக்குப் புட்டும் அவித்துக் கொடுத்து அனுப்புகிற மனுசி.

“என்ன தம்பி உது?”

“தலை முழுக்க வெள்ளை, சேர். ஆளும் நல்ல பெரிய ஆள்.”

வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடம் எடுத்தது. ஆனால் பிழை அவனுடையது இல்லை. கருத்தை விளக்காமல் பட்டியலை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, கரண்ட் நின்றுவிட்டது என்று வகுப்பை நேரத்தோடு விட்டவன் நான்தான். ஆகவே அன்று ஒரு தொடரிலேயே ஒன்றரை மணித்தியாலம் போனது.

வைட் எலிபன்ட் என்று ஆளைச் சொல்வதில்லை. ஒரு சாமானை, கட்டடத்தை, திட்டத்தைச் சொல்லலாம். வெறுமனே விலை கூடியதாக இருந்தால் காணாது. வைத்துப் பராமரிக்கும் செலவு கையைக் கடிக்க வேண்டும், அந்தச் செலவுக்கு ஏற்ற பயன் இருக்கக் கூடாது, விட்டுத் தொலைக்கவும் வழி இருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் யானை வெள்ளை. ‘அறைக்குள் நிற்கும் யானை’ என்று ஆங்கிலத்தில் இன்னொன்று இருக்கிறது, இரண்டையும் குழப்புவார்கள். அது எல்லாருக்கும் தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்காத விசயம். கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் மாப்பிள்ளையின் முதல் கலியாணம் மாதிரி.

இலங்கையில் இருந்துகொண்டு வெள்ளை யானைக்கு உதாரணம் தேடி அலையத் தேவையில்லை. மத்தல விமான நிலையம் என்றேன். 2013இல் திறந்தார்கள், செலவு 20 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். எதிர்பார்த்த அளவுக்கு விமானங்கள் வரவில்லை. சரக்கு மண்டபத்தில் ஒரு காலம் நெல் மூட்டை அடுக்கி வைத்தார்கள். சுற்றிவரக் காடு என்பதால் உண்மையான யானைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வேறு கதை. நமது பேப்பர்களும் அதை வெள்ளை யானை என்றுதான் எழுதுகின்றன. முதலைக் கண்ணீர் என்ற சொல்லும் இப்படி வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் அது எப்போதோ குடியேறிக் காணி உறுதியும் எழுதிவிட்டது. வெள்ளை யானை இன்னும் வாடகைக்குத்தான் இருக்கிறது.

பிறகு வழக்கமான கதையைச் சொன்னேன். சீயம், அதாவது இன்றைய தாய்லாந்து. அங்கே வெள்ளை யானை புனிதமானது, அதை வேலை வாங்கக் கூடாது. அரசனுக்கு ஒரு பிரபுவின் மேல் கோபம் வந்தால் தலையை வெட்ட மாட்டான், ஒரு வெள்ளை யானையைப் பரிசாக அனுப்பி வைப்பான். அரசன் தந்ததை விற்க முடியாது, வேறொருவருக்குக் கொடுக்க முடியாது, மரம் இழுக்க விட முடியாது. தீனி மட்டும் போட வேண்டும். அப்படியே போட்டுப் போட்டு அந்த ஆள் ஆண்டியாகிவிடுவான். ஆங்கிலத்துக்குத் தொடர் இப்படித்தான் வந்தது என்று முடித்தேன்.

பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று பின் வாங்கிலிருந்து கையைத் தூக்கியது. அறநெறி வகுப்புக்குத் தவறாமல் போகிற பிள்ளை.

“சேர், சுந்தரர் வெள்ளை யானையிலைதானே கைலாயம் போனவர். சிவபெருமான் அவரைக் கஷ்டப்படுத்தவோ யானை அனுப்பினவர்?”

பதினைந்து வருசமாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. ஆடிச் சுவாதிக்குக் கோயிலில் சுந்தரர் குருபூசை நடக்கும்போது வருசா வருசம் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். திருவஞ்சைக்களத்திலிருந்து அவரைக் கூட்டிப்போகக் கைலாயத்திலிருந்து வெள்ளை யானை வருகிறது. தோழர் சேரமான் பெருமாள் தன் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதிப் பின்னாலேயே போகிறார். எங்கள் திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடிய சுந்தரர்தான் அவர். எங்கள் கதையில் யானை ஆளைக் கரை சேர்க்கிறது. ஆங்கிலக் கதையில் அதே யானை ஆளைத் தெருவில் விடுகிறது.

“நல்ல கேள்வி பிள்ளை, அடுத்த கிழமை சொல்லுறன்” என்றேன். ஆசிரியருக்கு விடை தெரியாவிட்டால் சொல்வது அது.

அன்றிரவு இருந்து வாசித்தேன். அந்தச் சீயத்துக் கதையே சந்தேகத்துக்குரியதாம். எந்த அரசனும் அப்படிப் பழிவாங்கினான் என்பதற்குச் சான்று இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் மத்தியில்தான் கதை பரவியிருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். யோசித்தால் அதுவே சரி. அங்கே வெள்ளை யானை அரசனுடைய செல்வாக்கின் அடையாளம். எத்தனை யானை நிற்கிறதோ அவ்வளவு பெரிய அரசன். 1563–64இல் பர்மாக்காரர் அயுத்தியா மேல் படையெடுத்ததற்குச் சொன்ன காரணமே வெள்ளை யானைதான்: கேட்டார்கள், கொடுக்கவில்லை, சண்டை. 1917 வரை சீயத்தின் கொடியில் சிவப்புத் துணியின் நடுவே நின்றதும் வெள்ளை யானைதான். சண்டை பிடித்தாவது காக்கப் பார்த்ததைப் பிடிக்காதவனுக்கா தூக்கிக் கொடுப்பான்? தாய்லாந்துக்காரர் எரவான் என்பது எங்கள் ஐராவதத்தை. இந்திரனின் யானை. புத்தர் பிறக்கமுன் அவருடைய தாய் மாயாதேவி கனவில் கண்டதும் வெள்ளை யானைதான். ஆக, எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே யானையைத்தான் கும்பிட்டிருக்கின்றன. கணக்குப் பார்த்தவன் மட்டும் வெளியிலிருந்து வந்திருக்கிறான்.

கணக்கு என்றதும் இன்னொன்று. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டு யானை கிடையாது. ஆனாலும் யானைக் கணக்கை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. வன்னியில் பிடித்த யானைகளைக் கடனீரேரியைத் தாண்டிக் கொண்டுவந்த வழிதான் ஆனையிறவு. ஊர்காவற்றுறையைக் கயிற்ஸ் என்கிறோமே, அது போர்த்துக்கேயர் ‘யானைகளின் துறை’ என்று வைத்த பெயரின் மிச்சம். ஒல்லாந்தர் காலத்திலும் இந்தியாவுக்கு யானை ஏறியது. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்கிற வாய் எங்களுடையது. ஆங்கிலத்தில் ஒரு கல்லால் இரண்டு பறவையைக் கொல்வார்கள், நாங்கள் இரண்டு மாங்காய் விழுத்துவதோடு நிறுத்திக்கொள்வோம். யானை விசயத்திலும் நாங்கள் நல்லதைத்தான் சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொண்டே படுக்கப் போனேன். அப்போதுதான் கொட்டிலில் நிற்கும் காரும், அதைப் பற்றி அம்மா சொல்வதும் நினைவுக்கு வந்தன.

“யானையைக் கட்டித் தீனி போட்ட மாதிரி” என்பார் அம்மா. அதே கருத்து. அரசனும் இல்லை, சீயமும் இல்லை, வெள்ளையும் இல்லை. கண்முன்னே இருந்த சொல்லை விட்டுவிட்டு பாங்கொக் வரை போய் வந்திருக்கிறேன்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒஸ்ரின் ஏ 40, சோமசெற். 1953ஆம் ஆண்டு வண்டி. முட்டைக்குக் கண் வைத்த மாதிரி உருண்ட முகம், யானையின் சாம்பல் நிறம், கதவைச் சாத்தினால் பெட்டகம் சாத்துகிற சத்தம். ஸ்ரீ எழுத்து வருமுன் பதிந்தது என்பதால் இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துத்தான். புகையிரதப் பகுதியில் வேலை பார்த்த பெரியப்பா இரண்டாம் கையாக வாங்கியது. 1999இல் அவர் மகளிடம் கனடாவுக்குப் புறப்பட்டபோது முற்றத்தில் நின்று திறப்பை என் கையில் வைத்தார். “தம்பி, இவனை உன்னட்டை விட்டிட்டுப் போறன். வித்துப் போடாதை” என்றார். கார் அவருக்கு எப்போதும் ‘இவன்’தான். பெரியம்மாவுக்குத்தான் ‘அது’.

அப்போது எனக்குக் கார் ஓட்டவே தெரியாது.

இருபத்தைந்து வருசத்தில் இவனுக்குப் போட்ட தீனியை ஒருமுறை எழுதிப் பார்க்க வெளிக்கிட்டு, பாதியில் பயந்து கிழித்துவிட்டேன். ரயர் நான்கும் மூன்று முறை. பற்றறி எத்தனை என்று ஞாபகமில்லை. வருசா வருசம் இன்சூரன்ஸ், லைசென்ஸ், அதற்குமுன் புகைச் சோதனை. புகைச் சோதனைக்குப் போகும்போது மட்டும் எனக்குக் கோயிலுக்குப் போகிற மாதிரி ஒரு பயபக்தி. தண்ணீர்ப் பம்புக்கு ஒரு வாசர் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடை கடையாக இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். இவ்வளவுக்கும் மாதத்தில் ஒருமுறை, இரண்டுமுறை வெளியே எடுப்பேன். பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிப்பான். சும்மா நின்றாலும் குடிப்பான் போலிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இவனை எழுப்ப கால் மணித்தியாலம் வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியின் சம்பளம் எவ்வளவென்று தெரிந்தவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை.

விற்கலாமே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். பெரியப்பா உயிரோடு இருந்தவரை ரெலிபோன் எடுத்தால் முதல் கேள்வி “இவன் எப்பிடி?” என்பதுதான், நான் எப்படி என்பது பிறகு. அவர் போனபின் அவருடைய மகள், எங்கள் அக்கா, அதே கேள்வியைக் கேட்கிறா. அப்புறம் இன்னொரு காரணமும் இருக்கிறது. அது 1995.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார் ஓடியது மண்ணெண்ணெயில் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நான் புளுகுகிறேன் என்று நினைக்கிறார்கள். பெற்றோல் அப்போது மருந்து மாதிரி. உண்மையாகவே மருந்துப் போத்தலில்தான் வைத்திருந்தோம். காபரேற்றருக்குள் இரண்டு மூன்று சொட்டு விட்டு, இயந்திரம் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் வருகிறவன் முகம் தெரியாத அளவுக்குப் புகை. பிளக் கரிபிடித்து நிற்கும், இறங்கிக் கழற்றி, உரஞ்சிப் போட்டு, மறுபடி போத்தல். புதுக் கார்கள் இதைத் தாங்காமல் படுத்தன. இவன் மட்டும் இருமிக்கொண்டே ஓடினான்.

அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, சண்டை நெருங்கியதால், யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமம் முழுக்க எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை வேறு. பெரியப்பா ஸ்ரியரிங்கில். பின் இருக்கையில் அப்பம்மாவும், அயல்வீட்டுக் கிழவியர் இரண்டு பேரும், அவர்கள் மடியில் ஒரு கைத்தையல் மெசினும். முன்னால் மாசமாயிருந்த ஒரு பிள்ளை, அவள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, வழியில் ஏற்றியது. கூரையில் அரிசி மூட்டை. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். ஓட்டினார் என்பதைவிடச் சனம் தள்ளிக்கொண்டு போனது என்பதுதான் சரி. நாவற்குழிப் பாலத்தடியில் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றோம். நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது, போத்தலில் விரல் அகலத்துக்குத்தான் பெற்றோல் என்பதால் பெரியப்பா இயந்திரத்தை நூர்க்கவேயில்லை. சாவகச்சேரிக்குப் போய்ச் சேர அடுத்த நாள் மத்தியானம். மோட்டார் சைக்கிளில் இன்றைக்கு அரை மணித்தியாலத் தூரம். அப்பம்மா இறங்கி, ரேடியேற்றர் ஆவி பறந்துகொண்டிருந்த மூஞ்சியைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். கை சுட்டது என்று பிறகுதான் சொன்னார்.

அடுத்த வகுப்பில் இவனை வெள்ளை யானைக்கு உதாரணமாக்கியபோது இதைச் சொல்லவில்லை. 2022ஐத்தான் சொன்னேன், அது அவர்களுக்கும் ஞாபகம் இருக்கிற வரிசை. எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20. ஒஸ்ரின் என்றாலும் கார் கார்தான், கணினிக்கு வயது தெரியாது. காருக்கு என் அடையாள அட்டை, மோட்டார் சைக்கிளுக்கு மனைவியின் அட்டை. பெற்றோல் செட்டுக்கு இவனைத் தள்ளாத குறையாகக் கொண்டுபோய் நிரப்பி, வீட்டுக்கு வந்து ரியூப்பால் உறிஞ்சி மோட்டார் சைக்கிளுக்கு விட்டேன். வாய்க்குள் பெற்றோல் போய் இரண்டு நாள் சாப்பாடு ருசிக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நான்கு மாதமும் ஒரு வகுப்பும் தவறவில்லை. அதுவரை சிரித்த அயலட்டை அப்போது சிரிக்கவில்லை, போத்தலோடு வந்தது.

“அப்ப சேர் உது வைட் எலிபன்ட் இல்லை” என்றான் அம்மம்மாவைப் பற்றி எழுதிய பெடியன்.

“பயன் இருக்கக் கூடாது எண்டு சேர்தானே சொன்னவர்” என்று பின் வாங்கிலிருந்து ஆதரவு.

இருபத்தைந்து வருசத்தில் நான்கு மாதம் பயன்பட்டதைக் கணக்கில் சேர்ப்பதா என்று விவாதம் நடந்தது. இலக்கணம் படிப்பிக்கப் போய் வழக்காடு மன்றம் ஆகிவிட்டது.

இப்போது அக்காவின் புதுச் செய்தி. மகள் வேலை செய்கிற இடத்தில் மார்கழியில் ‘வைட் எலிபன்ட்’ விருந்தாம். வீட்டில் சும்மா கிடக்கிற ஒன்றைச் சுற்றிக் கட்டிக் கொண்டுபோய் மாற்றிக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் அடுத்தவன் கையில் இருப்பதைப் பறிக்கலாம். பெரும்பாலும் பகிடிச் சாமான்கள். வட அமெரிக்காவில் சொல்லின் கனம் இப்படிக் குறைந்திருக்கிறது. ஒரு குடும்பத்தையே விழுங்கிய யானை அங்கே ஒரு கோப்பி மக்குக்குள் அடங்கிவிட்டது. “நானும் இவனைச் சுத்திக் கட்டி அனுப்பட்டோ அக்கா?” என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, “அப்பான்ரை காரடா” என்றா. பகிடி எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கராச்சுக்குக் கொண்டுபோனேன். இவனைப் பார்க்கிற மெக்கானிக்கின் தகப்பனும் இவனைத்தான் பார்த்தவர், ஆகவே உரிமையோடு பேசுவான். பொனற்றைத் தூக்கிவிட்டுத் தலையை வெளியே எடுக்காமலே சொன்னான்:

“மாஸ்ரர், சும்மா நிக்கவிட்டுச் சிலவழிக்கிறியள். இப்ப கலியாண வீடுகளுக்குப் பழைய கார்தான் கேக்கினம். வெளிநாட்டுச் சனம் வந்தா முதலிலை கேக்கிறதே உதைத்தான். ஆனா இந்தச் சாம்பல் போட்டோவுக்கு எடுபடாது. வெள்ளை அடிச்சுத் தாறன், இவனே தன்ரை தீனியை உழைப்பான்.”

எனக்கு உடனே அமெரிக்காதான் ஞாபகம் வந்தது. 1884இல் பார்னம் என்ற சர்க்கஸ் முதலாளி பர்மாவிலிருந்து வெள்ளை யானை ஒன்றை இறக்கினார். சனம் பால் வெள்ளையில் ஒன்றை எதிர்பார்த்து வந்து பார்த்தால், சாம்பல் உடம்பில் அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டுத்தான். உண்மையான வெள்ளை யானை அப்படித்தான் இருக்கும், ஆனால் காசு கொடுத்தவனுக்கு அது போதவில்லை. அவருக்குப் போட்டியாக இருந்த ஃபோர்பா என்பவர் சாதாரண யானை ஒன்றைப் பிடித்து வெள்ளையடித்து இறக்கிவிட்டார். பிறகு குட்டு வெளிப்பட்டது. இதை மெக்கானிக்குக்கு விவரமாகச் சொன்னேன். ஸ்பானரைத் துடைத்தபடி முழுதும் கேட்டான்.

“அந்தாள் பிறைமர் அடிக்காமல் பெயின்ற் அடிச்சிருப்பார், மாஸ்ரர்” என்றான்.

பிறைமரோடு சேர்த்து எவ்வளவு வரும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கிறான். துண்டு சேட்டுப் பையில் இருக்கிறது, மனைவிக்கு இன்னும் காட்டவில்லை.